பின்வரிசையில் ஓடிக்கொண்டிருந்த மெஷின்

துபாய் கராமாவிலும் தேராவிலும் குவைத் ஃபஹாஹீலிலும் வளர்ந்து, ஒரு கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய், அப்படியே ஊரிலேயே நின்றுபோனவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. நாம் செய்தியாகவில்லை. போர் துரத்தவில்லை, புயல் துரத்தவில்லை. வாடகை ஏறியது, அனுப்பிவிட்டார்கள். இப்போது நமக்குக் காதோரம் நரைத்துவிட்டது, சாயம் அடித்து மறைக்கிறோம். ஆனாலும் யாராவது "ரெண்டு மாசத்துல வந்துருவேன்" என்று சொன்னால் நம்ப முடிவதில்லை, இல்லையா? என்னால் முடிவதில்லை. என் வீட்டுக்காரர் நாலு நாள் வெளியூர் போவதாகச் சொன்னால்கூட, அவர் பெட்டியில் என்னென்ன எடுத்து வைக்கிறார் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

உங்கள் கட்டடத்திலும் அந்தச் சட்டம் இருந்திருக்கும். கராமாவில் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். பெட்டியில் துணி போனால் லீவு. பால் பவுடரும் சோப்பும் தைலமும் போனால் அதுவும் லீவுதான். மிக்ஸி போனால் கலாஸ். அந்தப் பிள்ளை இனி வராது. மூன்றாம் மாடி மலையாளிப் பையன் ஒரு ஜூன் மாதம் தன் சைக்கிளை எங்களிடம் கொடுத்து, வந்து வாங்கிக்கொள்கிறேன், பத்திரம் என்றான். அவன் அம்மா மிக்ஸியைப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்ததை எதிர்வீட்டுப் பெண் அன்று காலையிலேயே பார்த்துவிட்டிருந்தாள். நாங்கள் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளை வாங்கிக்கொண்டோம்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு கேஃபட்டீரியாவுக்கு மேலே முதல் மாடியில் வீடியோ கேம்ஸ் கடை ஒன்று இருந்தது. அப்பா அங்கே மெக்கானிக். அறந்தாங்கியில் டிவி ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர், நான் பிறப்பதற்கு முன்பே துபாய்க்கு வந்து, படம் தெரிகிற பெட்டி எதுவானாலும் சரி என்று இந்த வேலையில் ஒட்டிக்கொண்டார். கடை ஓர் அரபியின் பெயரில் இருந்தது. நடத்தியவர் கீழக்கரைக்காரர். எல்லோருக்கும் அவர் காக்கா, அவர்கள் பக்கத்தில் அண்ணன் என்று அர்த்தம். அவரைவிட வயதில் மூத்த பட்டாணியர்கள்கூட அது அவருடைய பெயர் என்று நினைத்துக் காக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

வெயிலிலிருந்து படியேறிக் கதவைத் திறந்தால் முதலில் ஏசிக் குளிர் முகத்தில் அடிக்கும். பிறகு வாசனை. கார்பெட்டில் சிந்திக் காய்ந்த கோலா, சிகரெட், சூடேறிய தூசி, அப்பா மூலையில் உருக்குகிற ஈயத்தின் புகை. எல்லா மெஷின்களும் ஒரே நேரத்தில் ஆளைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருக்கும். முன்வரிசையில் கார் சீட் வைத்த மெஷின்கள், ஏறி நின்று ஆடுகிற மேடைகள். அங்கேதான் கூட்டம் இருக்கும், அதுவும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. பிள்ளைகள் வீட்டிலேயே விளையாடப் பெட்டிகள் வாங்கிவிட்டார்கள், பெரிய பையன்கள் நெட் கஃபேக்களுக்குப் போய்விட்டார்கள். பெண் பிள்ளைகள் தனியாக அங்கே வருவது வழக்கமில்லை. நான் மெக்கானிக் மகள் என்பதால் வந்தேன்.

என் இடம் பின்வரிசை. அங்கே இருந்தவை எண்பதுகளில் வேறு ஏதோ நாட்டில் ஆடித் தேய்ந்த பிறகு கப்பலில் வந்தவை. அவற்றில் ஒன்று கறுப்பு வெள்ளைத் திரை. அதன்மேல் பச்சையும் ஆரஞ்சுமாக செல்லோஃபன் தாளை ஒட்டிக் கலர் என்று ஏமாற்றியிருந்தார்கள். மேலிருந்து இறங்கும் எதிரிகள் தாள் மாறும் இடம் வந்ததும் நிறம் மாறுவார்கள். ஆட்கள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமாக வருவார்கள். யாரும் அப்படி யோசித்துச் செய்யவில்லை, வரைய வேண்டிய ஆட்கள் குறைந்ததும் சிப்புக்குப் பாரம் குறைகிறது, அதனால் தானாகவே ஓடுகிறது என்று அப்பா விளக்கினார். இந்தக் கதைகளைச் சொல்லும்போது மட்டும் அப்பா வேறு ஆளாகிவிடுவார். அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு மெஷினைச் சாராயக் கடையில் வைத்தார்களாம். கொஞ்ச நாளில் ஓடவில்லை என்று ஆள் வந்து திறந்து பார்த்தால், காசுப் பெட்டி நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்ததாம். பிறகு ஒரு விளையாட்டுக்கு, இவ்வளவு தூரம் எவன் வரப்போகிறான் என்று நினைத்து முடிவே எழுதாமல் விட்டுவிட்டார்களாம். யாரோ ஒருவன் அவ்வளவு தூரமும் போய்விட்டான். அங்கே மெஷினுக்கு என்ன காட்டுவதென்று தெரியாமல் பாதித் திரை வெறும் கிறுக்கலாகிவிட்டதாம். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எத்தனை முறை கேட்டாலும் நானும் சிரிப்பேன்.

நான் ஆடியது அந்த வரிசையின் கடைசி மெஷினில். நீலச் சுவர்களுக்கு நடுவே சந்து சந்தாகப் பாதை. அதில் ஒரு சின்ன ஆள் ஓடுவான், அவனைத் துரத்த ஆட்கள் வருவார்கள். அவன் ஜெயிக்கவே முடியாது. எவ்வளவு நேரம் மாட்டாமல் ஓடுகிறான் என்பதுதான் கணக்கு. அவனைத் திருப்புகிற ஸ்டிக்கின் தலையில் ஒரு சிவப்பு உருண்டை இருக்கும். எப்போதோ எவனோ சிகரெட்டை அதன்மேல் அணைத்து ஒரு பக்கம் பொத்துப்போயிருந்தது. என் உள்ளங்கையில் அந்தப் பொத்தல் எங்கே உரசும் என்று இப்போதும் காட்ட முடியும். அப்பா மெஷினின் முன்கதவைச் சாவியால் திறந்து, உள்ளே விரல் விட்டு எனக்கு ஆட்டம் ஏற்றிக் கொடுப்பார். டோக்கன் வேண்டாம்.

பின்வரிசையை யாரும் அணைக்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கடையைப் பூட்டும்போதும் அந்த வரிசை இருட்டில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். கிழட்டு மெஷின்கள், சூடு ஆறிவிட்டால் திரும்ப எழும்பாது என்பார். இன்னொரு காரணமும் உண்டு. கரண்ட் போனால் அதிக மார்க் எடுத்தவர்களின் பெயர்கள் அழிந்துவிடும். புது மெஷின்களுக்குப் பேட்டரி இருக்கிறது, இவற்றுக்கு இல்லை.

ஒரு நாள் வேறொரு மெஷினின் பழைய பிக்சர் டியூபைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். அதில் ஒயர் எதுவும் இல்லை, ஆனாலும் டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்தபோது கண்ணாடியில் பழுப்பாகக் கோடுகள் தெரிந்தன. சந்து, மூலை, வாசல் எல்லாம் தெரிந்தன. ஓடுகிற ஆள் எங்கே என்று கேட்டேன்.

"ராத்திரி பகலா ஒரே இடத்துல நிக்கிறதுதான் பதியும் ஆத்தா. செவுரு பதியும். ஓடுறவன் பதிய மாட்டான்" என்றார்.

என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் மகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நான் ஏழாம் வகுப்பு முடித்த அந்த வருஷம் முதலிடத்துக்கு வந்தேன். அந்த மெஷினுக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் தெரியும், அதிலும் மூன்று எழுத்துக்குத்தான் இடம் கொடுக்கும். எல்லாரும் தங்கள் பெயரைச் சுருக்கிப் போடுவார்கள். மலையாளிப் பையனின் எழுத்துகள் அப்போதும் மூன்றாவது இடத்தில் இருந்தன, சைக்கிளோ டயர் தேய்ந்து ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டது. நான் அப்பாவின் முதல் எழுத்து, அம்மாவின் முதல் எழுத்து, என் முதல் எழுத்து என்று போட்டேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். மூன்று பேருக்கும் சரியாக இடம் இருந்தது. அப்பா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்று பார்த்தார். காக்காவையும் கூப்பிட்டுக் காட்டினார். அம்மாவை மட்டும் படியேற வைக்க முடியவில்லை. விளையாட்டுக் கடைக்கெல்லாம் வரமாட்டேன் என்று கீழேயே நின்று, இந்தப் புத்தி கணக்குப் பாடத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்றாள்.

அந்த வருஷம் கராமா முழுக்க ஒரே பேச்சுதான். வாடகை. குடும்பமாக இருந்த வீடுகளில் ஹாலுக்கு நடுவே பலகையடித்து இன்னொரு குடும்பத்தை வைத்தார்கள். அப்புறம் அதுவும் கூடாது என்று உத்தரவு வந்தது. மாலையில் கீழே விளையாட ஆள் சேரவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக் கூட்டி ஊருக்கு அனுப்பிவிட்டு, அப்பாக்கள் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுக்கிற பெட் ஸ்பேஸ் தேடிப் போனார்கள். எங்களுக்கு அது நடக்காது என்று நான் நினைத்தேன். எப்படி நினைத்தேன் என்று கேட்காதீர்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

ஜூன் மாதம், பரீட்சை பேப்பர் ஏதோ எடுக்க வந்தவள் சமையலறையை எட்டிப் பார்த்தேன். அம்மா தரையில் உட்கார்ந்து மிக்ஸியை என் பழைய ஸ்வெட்டரில் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் அதை மூடினாள். ஒரு பெரிய மிக்ஸியை முந்தானையால் எப்படி மூட முடியும்?

நான் அப்பாவிடம் கேட்டேன். ஊரில் இருக்கிற மிக்ஸி ரிப்பேர், அம்மாவால் அம்மியில் அரைக்க முடியாது, அதனால் கொண்டு போகிறாள், வரும்போது திரும்பக் கொண்டுவந்துவிடுவாள் என்றார். டிவி ரிப்பேர்க்காரர், வீடியோ கேம் ரிப்பேர்க்காரர், ஒரு மிக்ஸியை ரிப்பேர் செய்யத் தெரியாமல் துபாயிலிருந்து தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது தெரியாதா? தெரிந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் நம்புவது என்று முடிவு செய்துகொண்டேன். சுற்றியிருந்த பெரியவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்தார்கள். நம்மிடம் உண்மையைச் சொன்னால் உடைந்துபோவோம் என்று பயந்தார்கள். சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுது முடித்திருப்போம். சொல்லாததால் எத்தனை வருஷம் காத்திருந்தோம்.

புறப்படுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அப்பா என்னைக் கடைக்குக் கூட்டிப் போனார். மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பக்கம் ப்ளக் சொருகியிருந்த இடத்தைக் காட்டினார். அதன்மேல் கறுப்பு டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டினார். கூட்டுகிற பையன் வாக்குவம் போடுவதற்காக ப்ளக்கைப் பிடுங்கிவிடக் கூடாதாம்.

"இனி எவனும் புடுங்க முடியாது. நீ ஆகஸ்டு கடைசில வருவ. அதுவரைக்கும் நாம மூணு பேரும் மேலயேதான் இருப்போம்."

காக்கா கல்லாவில் டோக்கன்களைக் கொட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பா பேசியதைக் கேட்டதும் அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்க ஆரம்பித்தார். எதற்கென்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஏர்போர்ட்டில் அட்டைப் பெட்டிகளைக் கயிற்றால் கட்டி, மார்க்கரில் ஊர்ப்பெயர் எழுதியிருந்தோம். அம்மா அழுதாள். இரண்டு மாதத்துக்கு யாராவது அழுவார்களா என்று அப்பா கிண்டல் செய்தார். என் தலையைத் தடவிக்கொண்டே அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். டூட்டிக்கு நேரமாகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடிக்கு அப்பால் நீலச் சட்டை தெரிகிற வரைக்கும் கையை ஆட்டினேன்.

ஆகஸ்டு வந்தது. டிக்கெட் கிடைக்கவில்லை என்றார். செப்டம்பரில் என்னை அறந்தாங்கியில் ஒரு பள்ளியில், சும்மா டச் விட்டுப் போகக் கூடாது என்பதற்காக, சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அப்பாவின் போன் வரும். அம்மா பேசிய பிறகு ரிசீவர் என் கைக்கு வரும். நான் வேறெதுவும் கேட்க மாட்டேன். மெஷின் ஓடுதாப்பா?

"ஓடுது ஆத்தா. நாம மூணு பேரும் மேலதான் இருக்கோம்" என்பார்.

சில வாரம் கூடுதலாகவும் சொல்வார். நேற்று ஒரு பிலிப்பினோ பையன் நமக்குக் கொஞ்சம் கீழே வரை வந்துவிட்டான், கடைசி மூலையில் மாட்டிக்கொண்டான் என்பார். ஒரு சூடான்காரர் தினமும் முயற்சி செய்கிறார், நான்காவது இடத்தைத் தாண்டவில்லை என்பார். நான் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிலிப்பினோ பையனை நினைத்துப் பயந்துகொண்டிருப்பேன். ஆறு மாதம் வெளியே இருந்தால் விசா செத்துவிடும் என்பது நமக்கெல்லாம் அ, ஆ போலத் தெரிந்த விஷயம். அந்த ஆறாவது மாதம் முடிந்த வெள்ளிக்கிழமை, மெஷினைப் பற்றி நான் கேட்பதற்கு முன்னாலேயே அப்பா "ஓடுது, ஓடுது" என்றார். அன்று அம்மா மிக்ஸியை எடுத்து அடுப்பு மேடையில் நிரந்தரமாக வைத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து அப்பா லீவில் வந்தார். மெலிந்து கறுத்திருந்தார். ஈயம் உருக்கிய கை இல்லை அது. விரல் இடுக்கெல்லாம் சிமெண்டு தின்றிருந்தது. கடையில் கொஞ்சம் வேலை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னார். பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் கொடுத்த பிறகு, சோப்புகளுக்கு அடியிலிருந்து டிஷ்யூ பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. பிரித்தேன். அந்தச் சிவப்பு உருண்டை. ஒரு பக்கம் சிகரெட் பொத்தல்.

அவர் அதைக் கழற்றியபோதும், இரண்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்தபோதும், சோப்புக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தபோதும் ஒரு நொடிகூட அவருக்குத் தோன்றவில்லை, பாருங்கள். இந்த உருண்டை என் கையில் இருந்தால் அந்த ஸ்டிக்கின் தலையில் என்ன இருக்கும்? அதை வைத்துத் தினமும் எந்தச் சூடான்காரர் விளையாடினார்? நான் சந்தோஷப்படுவேன் என்று மட்டும்தான் நினைத்திருக்கிறார். வேறு யோசனையே அந்த மனுஷனுக்கு இல்லை. உருண்டையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஸ்பேராப்பா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சிரிப்பு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார்.

"ஆமா ஆத்தா. ஸ்பேருதான்."

அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமைகளில் நான் மெஷின் ஓடுகிறதா என்று கேட்டேன். கேட்காவிட்டால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று ஆகிவிடும். அவரும் ஓடுகிறது என்று சொன்னார். நான் கல்லூரி போனேன், கல்யாணம் செய்தேன், பிள்ளை பெற்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் பேச அதைவிட்டால் வேறு பேச்சே வளரவில்லை. வருஷத்தில் ஒரு மாதம் வந்து போகிறவரிடம் வேறென்ன பேசுவது? அவருக்கு என் தோழிகள் பெயர் தெரியாது. அவர் எந்த சைட்டில் வேலை செய்கிறார் என்பது எனக்குத் தெரியாது. இருந்தது அந்த ஒரு மெஷின்தான், அதுவும் இல்லாத மெஷின்.

லேபர் கேம்ப் ரூமில், காலை டூட்டிக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா இறந்தார். பெட்டியில் வந்தார். கேம்ப்பில் இருந்த துணிமணியை ரூம் ஆட்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்களாம். அது அங்கே வழக்கம்.

காரியம் முடிந்து சில நாள் கழித்துக் காக்கா கீழக்கரையிலிருந்து பஸ் ஏறி வந்தார். நன்றாகக் கிழண்டுபோயிருந்தார். அம்மாவிடம் துக்கம் கேட்டுவிட்டு, நான் காபி கொண்டுபோனபோது என்னை உட்காரச் சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அரபி கடையைக் காலி செய்யச் சொல்லி மூன்று மாதமாகக் கெடு வைத்திருந்தானாம். பழைய இரும்பு எடுக்கிறவன் நாங்கள் புறப்பட்ட நாள் காலையிலேயே வண்டியோடு வந்து கீழே நின்றானாம்.

"உங்க வாப்பா கேக்கல. புள்ளை இன்னும் இந்த ஊர்லதான் இருக்கு காக்கா, ஃபிளைட் ஏறட்டும்னாரு. ஏர்போர்ட்லேந்து நேரா வந்து அந்த ஸ்டூல்ல உக்காந்து கடிகாரத்தையே பாத்துக்கிட்டிருந்தாரும்மா. நேரம் தாண்டுனதும் அவரேதான் டேப்பைப் பிரிச்சாரு. வேற யாரையும் தொட விடல."

அதற்குப் பிறகு அப்பா என்ன செய்தார் என்று கேட்டேன். அணைந்த கண்ணாடியை ரொம்ப நேரம் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார் என்றார் காக்கா. எதையோ தேடுவது போலக் குனிந்து குனிந்து பார்த்தாராம். அவர் என்ன தேடினார் என்று எனக்குத் தெரியும். சுவர்தான் தெரிந்திருக்கும். மூன்று எழுத்தும் தெரிந்திருக்காது. அது அவருக்கும் தெரியும். எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

அறந்தாங்கியில் அப்பா கட்டிய வீடு இரண்டு மாடி. கீழே மார்பிள், மேலே மூன்று அறை. ஒவ்வொரு லீவிலும் ஓர் அறை கூடியது, ஒவ்வொரு அறையிலும் அவர் தூங்கியது சில ராத்திரிகள்தான். அவர் போன பிறகு அந்த வீட்டில் அவரைத் தேடினேன். ஆணியில் தொங்கும் சட்டை இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்த நாற்காலி இல்லை. அவருக்கென்று ஒரு டம்ளர்கூட இல்லை, விருந்தாளிக்கு எடுக்கிற டம்ளரில்தான் அவருக்கும் கொடுத்திருக்கிறோம். சுவர் மட்டும் நின்றது. போன வருஷம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோது வைத்தியத்துக்காக, அப்பா என் பேரில் எழுதியிருந்த அந்த வீட்டையும் விற்றேன். வாங்கியவர் ஒரே வாரத்தில் இடித்துவிட்டார். மனைதான் வேண்டுமாம்.

அம்மா இப்போது திருச்சியில் என்னோடு இருக்கிறாள். விரல் மடங்குவதற்கு உருண்டையாக ஏதாவது பிடித்துப் பழகச் சொன்னார்கள். வீட்டில் இருந்தது அதுதான். காலையும் மாலையும் அந்தச் சிவப்பு உருண்டையைக் கையில் திணித்து அவள் விரல்களை அதன்மேல் மடக்கி விடுகிறேன். அறந்தாங்கி வீட்டை விற்றது அவளுக்குத் தெரியாது. சொன்னால் உடைந்துபோவாள் என்று பயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் மட்டும் மறக்காமல் கேட்டுவிடுகிறாள், குழறிய வாயோடு, கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல்.

"வீட்ல லைட்டுப் போட்டாங்களா?"

"எரியுதும்மா" என்கிறேன். "எரியுது."